அக்கா இறங்காத துறைமுகம்

எங்கள் கட்டடத்தில் ஆறு மாடி, ஒரு லிஃப்ட். நான் இருப்பது மூன்றாவது மாடி. எனக்கு நேர் மேலே நான்காவது மாடியில் ஒரு தம்பதி. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளவு டேப் இருக்கும் என்பதால் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் டேப்பு அண்ணன். அவர் மனைவி நகரப் பேருந்தில் இருபது வருடம் கண்டக்டர். அதனால் கண்டக்டர் அக்கா.

இருவரும் கப்பலில் போய்வந்த கதையை என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் அக்கா சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அண்ணனுக்கு அளவுகள் நினைவிருக்கும், யார் என்ன பேசினார்கள் என்பது இருக்காது.

அக்காவுக்கு ஐம்பத்து நான்காம் வயதில் பக்கவாதம் வந்தது. பணியில் இருந்தபோதே. வண்டி சிக்னலில் நின்றிருக்கிறது, ஒரு பயணிக்கு டிக்கெட் கிழிக்கப் போனவருக்குக் கை வரவில்லை. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு தப்பித்தது. "பேச்சும் போயிருந்தா இவர் பொழச்சிருப்பாரு" என்று அக்காவே சொல்வார்.

அண்ணனுக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் மீதியிருந்தது. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து ஏழு வருடம் அக்காவைக் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, காலை நீட்டி மடக்கிவிடுவது எல்லாம் அவர்தான். வெளியே போனால் கடைக்கு, அதிகம் போனால் இருபது நிமிடம். அவர் பார்த்துக்கொண்ட விதத்தில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. பிடித்துக்கொள்ளக் கம்பிகள், நிலைப்படிக்குச் சரிவுப் பலகை, கட்டிலின் உயரம் எல்லாம் அவரே அளந்து செய்தது.

ஒருநாள் மருத்துவமனையில் காத்திருந்தபோது அக்கா திடீரென்று சொன்னார். "எனக்குக் கடல் பாக்கணும். கரையில உக்காந்து இல்ல. நடுக்கடல்ல."

அண்ணன் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "பாத்ரூம் எப்படி இருக்கும்னு கேக்கணும்" என்றார். அவர் சம்மதிக்கிற விதம் அப்படித்தான்.

கப்பல் பயணங்களுக்கு ஏற்பாடு செய்யும் அலுவலகம் ஒன்று இரண்டு தெரு தள்ளி இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடுகிறவர். அண்ணன் உள்ளே போய், மனைவி சக்கர நாற்காலியில் வருவார் என்று சொன்னதும் அவர் வண்ணப் புத்தகம் ஒன்றை விரித்து, எந்தக் கப்பல் எந்தெந்த ஊருக்குப் போகும் என்று காட்ட ஆரம்பித்தார்.

"ஊரு இருக்கட்டும்மா" என்றார் அண்ணன். "ரூம் கதவு எவ்வளவு அகலம்?"

"வீல்சேர் போற ரூமாவே பாத்துடலாம் சார்."

"போகும்னா எத்தன சென்டிமீட்டர்?"

பெண்மணியிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அண்ணன் விளக்கினார். நாற்காலி அறுபத்தாறு சென்டிமீட்டர். சக்கரத்தைத் தள்ளுகிற கையின் முட்டி கதவில் இடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து வேண்டும். எழுபத்தாறுக்குக் குறைந்தால் பேச்சே இல்லை. அந்த அம்மா கப்பல் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அவர் முதலில் காட்டிய அறையின் கதவு ஐம்பத்தெட்டு.

"நல்லவேள கேட்டீங்க சார்" என்றார் அந்த அம்மா.

"கேக்காம போயிருந்தா அவ வராண்டாவுல, நான் ரூம்லன்னு பத்து நாள் ஓட்டியிருப்போம்" என்றார் அண்ணன்.

அகலக் கதவுள்ள அறைகள் ஒரு கப்பலில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருக்கின்றன. அவையும் ஒரு வருடத்துக்கு முன்பே போய்விடுகின்றன. உலகத்தில் எல்லோரும் ஊரைப் பார்த்துக் கப்பலைப் பிடிப்பார்கள். இவர்கள் கதவைப் பார்த்துக் கப்பலைப் பிடித்தார்கள். கிடைத்தது பதினான்கு மாதம் கழித்துப் புறப்படுகிற ஒரு கப்பல். ஐந்து துறைமுகம், பத்து நாள்.

பதினான்கு மாதமும் வீட்டில் ஒரே பேச்சு. கீழே என் வீடு வரைக்கும் கேட்கும். அக்காவுக்குப் பால்கனி வேண்டும். அண்ணனுக்கோ கப்பலின் நடுப்பகுதியில், முடிந்தவரை கீழ்த்தளத்தில் அறை வேண்டும், ஏனென்றால் ஆட்டம் அங்கேதான் குறைவு. லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை கொடுக்கிறேன் என்று அந்த அம்மா சொன்னபோது அண்ணன் பதறிப்போய் மறுத்தார். லிஃப்ட் சத்தம் என்னவென்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆறு கதவு தள்ளிக் கொடுங்கள் என்றார். சாப்பாட்டுக்கு இரண்டு பந்தி உண்டு என்று தெரிந்ததும் இரண்டாம் பந்தியைக் கேட்டார். முதல் பந்திக்கு ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் லிஃப்டுக்கு வந்து நிற்பார்கள், நாற்காலியோடு நுழைய முடியாது என்பது அவர் கணக்கு. பின்னால் அது அப்படியே நடந்தது.

பால்கனியில் அக்கா ஜெயித்தார். இன்னொரு விஷயத்தில் தோற்றார். கப்பலில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. அதன் ஓரத்தில், நடக்க முடியாதவர்களை உட்காரவைத்து மெல்லத் தண்ணீருக்குள் இறக்கிவிடும் இயந்திர நாற்காலி ஒன்று. புத்தகத்தில் அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அக்காவுக்கு அதன்மேல் ஒரு கண்.

"அத யாரு, எப்ப செக் பண்ணாங்கன்னு தெரியாது" என்றார் அண்ணன். "ஆள ஏத்தி எறக்குற மெஷின்னா எனக்குத் தெரியும். வேண்டாம்."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்ததாக அண்ணன் நினைத்துக்கொண்டார்.

பாஸ்போர்ட் வேலைதான் எல்லாவற்றிலும் இழுத்தது. அக்காவுக்குப் பழைய கையெழுத்து இப்போது வராது. வலது கை பேனாவைப் பிடிக்காது. விண்ணப்பம் வாங்கிய அதிகாரி, கட்டைவிரல் ரேகை வைத்தால் போதும் என்று நல்ல மனதோடுதான் சொன்னார். அக்கா முகம் சுருங்கிவிட்டது. "நான் கைநாட்டு இல்ல சார். இன்னொரு நாள் வரேன்" என்று சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் இடது கையால் எழுதிப் பழகினார். பழைய காலண்டர் தாள்களின் முதுகெல்லாம் அவர் பெயர். முதலில் எழுத்துகள் சரிந்தன, பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறின, கடைசியில் நின்றன. அண்ணன் தாளை நகராமல் பிடித்துக்கொள்ள வந்தபோது, "கைய எடுங்க" என்று மட்டும் சொன்னார். மறுபடி போனபோது அதே அதிகாரி இருந்தார். கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "டாக்டர் கையெழுத்து மாதிரி இருக்கு" என்றார். அக்கா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மற்றவற்றை அண்ணன் ஒவ்வொன்றாக முடித்தார். காப்பீட்டுக்குப் பக்கவாதத்தை மறைக்காமல் எழுதினார். ஒரு கம்பெனி முடியாது என்றது, இன்னொன்று டாக்டர் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு சரி என்றது. அந்தக் கடிதத்தை நான்கு நகல் எடுத்தார். மாத்திரைகளை இரண்டு பங்காக்கி இரண்டு கைப்பைகளில் வைத்தார், ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும். கப்பல் புறப்படும் ஊருக்கு ஒருநாள் முன்னதாகவே விமானத்தில் போய்ச் சேர்ந்தார்கள். விமானம் தாமதமானால் கப்பல் இவர்களுக்காக நிற்காது அல்லவா?

கப்பலில் அறை அண்ணன் கேட்டபடியே இருந்தது. டேப்பை எடுத்துக் கதவை அளந்தார். எண்பத்து மூன்று. அன்று மாலை பால்கனியில் அக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கப்பல் லேசாக ஆட ஆரம்பித்தது. அண்ணன் கட்டிலில் போய் விழுந்தவர்தான், இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருபது வருடம் ஓடுகிற பேருந்தில் நின்ற உடம்பு. "முப்பத்தொரு வருஷம் மேலயும் கீழயும் போய்வந்த மனுஷன், பக்கவாட்டுல கொஞ்சம் ஆடினதும் கவுந்துட்டாரு" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த இரண்டு நாளும் அறையைக் கவனித்துக்கொள்ளும் பெண் ஊழியர்தான் அக்காவுக்கு உதவினார். ஐம்பது வயதிருக்கும், கனத்த தோள்கள், எந்த நாட்டுக்காரர் என்று அக்கா கேட்டும் மறந்துபோனார். கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டு, அக்கா வாருங்கள் என்றதும்தான் வருவார்.

நான்காம் நாள் ஒரு தீவு. அங்கே கப்பல் கரையோடு ஒட்டி நிற்காது. தூரத்தில் நங்கூரம் போட்டுச் சிறு படகுகளில் ஆட்களைக் கொண்டுபோவார்கள். படகில் நாற்காலியை ஏற்ற மாட்டார்கள் என்பதைப் பயண அலுவலகத்து அம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். ஆகவே அன்று இருவரும் கப்பலிலேயே இருப்பது என்று அண்ணன் தாளில் எழுதி வைத்திருந்தார்.

காலை உணவு முடிந்து அறைக்கு வந்தபோது கதவுக்குக் கீழே ஓர் உறை கிடந்தது. உள்ளே ஒரு சீட்டு. அண்ணன் பெயர், தீவுக்குப் போகும் படகு, மலைமேல் இருக்கும் பழைய ஊரைச் சுற்றிப் பார்ப்பது, ஆள் ஒன்று.

"ஏதோ தப்பா வந்திருக்கு" என்றார் அண்ணன்.

"தப்பில்ல. நான்தான் சொன்னேன்" என்றார் அக்கா. அண்ணன் கடைக்குப் போயிருந்த ஒருநாள் அவர் அந்த அம்மாவுக்குப் போன் செய்து ஏற்பாடு செய்திருந்தார். சாரிடம் சொல்லவா என்று அந்த அம்மா கேட்டதற்கு, "சொன்னா என்னையும் மடிச்சுப் பையில போட்டுக்கிட்டுப் போவாரு, வேணாம்" என்றாராம்.

"உன்ன விட்டுட்டு நான் எங்க போறது?"

"அதுல எழுதியிருக்குல்ல, அங்க."

"விளையாடாத. உனக்கு ஏதாவது வேணும்னா?"

"மணி அடிச்சா அந்தப் பொண்ணு வருது. ரெண்டு நாள் நீங்க படுத்திருந்தப்ப நான் செத்தா போயிட்டேன்?"

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நான் கூட இருக்கறது உனக்குப் பாரமா இருக்கா?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை என்று அக்கா என்னிடம் சொன்னார். "ஏழு வருஷமா யாரும் என் கதவத் தட்டிட்டு உள்ள வந்ததில்லீங்க" என்று அண்ணனிடம் சொன்னாராம். "ஏன்னா நீங்க எப்பவும் உள்ளயே இருக்கீங்க. எனக்கு ஒரு நாள் வேணும். உங்களுக்கும் வேணும், உங்களுக்கு அது தெரியல."

அண்ணன் சட்டையை மாற்றினார். கோபம்தான். மாத்திரைகளை மணிவாரியாக எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். அக்கா கடைசியாக ஒன்று சொன்னார். "கைக்கடிகாரத்த மாத்தாதீங்க. தீவுல ஒரு மணி நேரம் பின்னாடி. போன் தானா மாறிடும். கப்பல் நேரம்தான் கணக்கு. கடைசிப் படகு நாலரைக்கு. அத நம்பாம அதுக்கு முந்தினதுல வந்துடுங்க." பேருந்தில் கடைசி வண்டியை நம்பி நின்றவர்களை இருபது வருடம் பார்த்தவர் அவர்.

தீவில் இறங்கிய அண்ணனுக்குக் கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தள்ளுவதற்கு நாற்காலி இல்லை. கூட வந்த கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டு முன்னே போனது. பாறை உச்சியில் இருந்த ஊருக்கு ஒரு பழைய லிஃப்டில் ஏறிப் போகவேண்டும். கம்பிக் கதவு, மரப்பெட்டி. பெட்டி கிளம்பும்போதும் மேலே போய் நிற்கும்போதும் ஒரு சத்தம் வந்தது, டொக் என்று. கூட்டம் இறங்கிப் போய்விட்டது. அண்ணன் இறங்காமல் நின்றார்.

லிஃப்டை ஓட்டியவர் ஒரு குண்டான பெண். இறங்கு என்று கையைக் காட்டினார். அண்ணன் சுவரைத் தொட்டுக் காட்டி, "டொக்" என்றார். அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவரும் "டொக்" என்றார். ஒரு பாஷையும் பொதுவில் இல்லாத இருவரும் பெட்டியோடு இன்னும் இரண்டு முறை கீழே போய் மேலே வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். பெட்டி இரும்புத் தண்டவாளத்தில் இடிக்காமல் ஓடுவதற்கு மூலைகளில் ரப்பர் துண்டுகள் இருக்கும். அதில் ஒன்று தேய்ந்துபோயிருந்தது.

மதிய இடைவேளைக்கு லிஃப்டை நிறுத்தியபோது அந்தப் பெண் மாற்று ரப்பரை எடுத்துவந்தார். வேலையை அண்ணனிடம் விடவில்லை. டார்ச் பிடிக்கவும் திருகாணிகளை வாங்கி வைத்துக்கொள்ளவும் மட்டும் அனுமதி கிடைத்தது. அண்ணன் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். இயந்திரத்தின் பக்கம் போகும்போது கையில் எதுவும் இருக்கக்கூடாது என்பது அவர் தொழில் சொல்லிக் கொடுத்தது. பிறகு அந்தப் பெண் ரொட்டியைப் பிய்த்துப் பாதி கொடுத்தார். இயந்திர அறையைச் சுற்றிக் காட்டினார். மேலே இருந்த பழைய ஊரை அண்ணன் கடைசிவரை பார்க்கவில்லை.

சுவரில் இருந்த கடிகாரம் மூன்று பத்து காட்டியது. அவசரமில்லை என்று நினைத்தவர், முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தபோது கூடவே கைக்கடிகாரமும் வந்தது. நாலு பத்து. அண்ணன் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் அவரைப் பெட்டியில் தள்ளிக் கீழே இறக்கிவிட்டார். சத்தமே வரவில்லை என்பதை அந்த ஓட்டத்திலும் அண்ணன் கவனித்திருக்கிறார். கடைசிப் படகில் கடைசி ஆளாக ஏறினார்.

அறைக்கு வந்தால் அக்கா இல்லை. பால்கனியில் இல்லை, குளியலறையில் இல்லை. மேசையில் மாத்திரைகள் மட்டும் சரியாகத் தீர்ந்திருந்தன. மணியை அடித்தார். வந்த வேறொரு ஊழியர் மேலே கையைக் காட்டினார். அண்ணன் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் ஏழு தளம் படியேறினார்.

அக்கா குளத்தில் இருந்தார். கழுத்தளவு தண்ணீர், இடது கை கம்பியைப் பிடித்திருந்தது. பக்கத்தில் குளத்து ஊழியர் ஒருவர். கரையில் அந்தக் கனத்த தோள் பெண் துண்டோடு நின்றார்.

"வாங்க" என்றார் அக்கா. "கடைசிப் படகா?"

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. முதலில் இயந்திர நாற்காலியைத்தான் பார்த்தார், அதன் திருகாணிகளை, தாங்கு கம்பியை. பிறகு, "யாரக் கேட்டு இறங்கின?" என்றார்.

"கப்பல் டாக்டரக் கேட்டு. நம்ம டாக்டர் லெட்டரக் காட்டினேன். நீங்க நாலு காப்பி எடுத்து வச்சிருந்தீங்கல்ல."

அண்ணன் குளத்தின் விளிம்பில் காலணியோடு உட்கார்ந்தார். அக்கா அவர் கைகளைப் பார்த்துவிட்டார். நகக்கண் வரைக்கும் கறுப்பு.

"கையில என்ன?"

"கிரீஸ்."

"அத உங்க கையில பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றார் அக்கா. அப்போது இருவருக்குமே கண் கலங்கியது என்று அக்கா சொல்கிறார். அண்ணன் இதைச் சொல்லும்போது குளத்தில் மருந்து அதிகம் போட்டிருந்தார்கள், கண் எரிந்தது என்கிறார்.

தண்ணீருக்குள் என்ன நடந்தது என்று அக்காவிடம் கேட்டேன். "கால் வந்துடுச்சுன்னு நான் ஏமாறல. வெளிய வந்ததும் பழையபடி கனத்துடுச்சு. ஆனா உள்ள பதினோரு நிமிஷம் நின்னேன். அந்தப் பதினோரு நிமிஷமும் யாரும் என்னப் புடிச்சுக்கல" என்றார்.

அன்று இரண்டாம் பந்தியில் அண்ணன் லிஃப்டைப் பற்றி மட்டுமே பேசினாராம். ரப்பர், தண்டவாளம், கம்பி, மறுபடி ரப்பர். மேசையில் இருந்த மற்ற நான்கு பேரும் எழுந்து போன பிறகும் பேசினார். அக்கா முழுவதையும் கேட்டார்.

ஊர் திரும்பியதும் அண்ணன் பழைய கம்பெனிக்குப் போய், வாரத்தில் இரண்டு நாள் லிஃப்டுகளைப் பார்வையிடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த இரண்டு நாள் காலையிலும் அக்காவுக்கு உதவ ஓர் அம்மா வருகிறார். வெள்ளிக்கிழமைகளில் அக்கா மருத்துவமனையின் பயிற்சிக் குளத்துக்குப் போகிறார். எல்லாம் சுமுகமாக ஆரம்பித்தது என்று சொல்லமாட்டேன். முதல் வாரம் அண்ணன் அரைமணிக்கு ஒருமுறை போன் செய்தார். அக்கா போனை அணைத்து வைத்தார். பதறி ஓடிவந்து அண்ணன் அழைப்பு மணி அடிக்க, அக்கா உள்ளேயிருந்து, "யாரு?" என்று நிதானமாகக் கேட்டது எனக்கே கேட்டது.

பயண அலுவலகத்து அம்மா, சக்கர நாற்காலியோடு போகிறவர்கள் முன்கூட்டியே என்னென்ன கேட்கவேண்டும் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அண்ணன் பதினெட்டுக் கேள்வி எழுதினார். கதவு அகலம், குளியலறை மேடு, படகா கரையா, எல்லாம். பத்தொன்பதாவது அக்காவின் இடதுகை எழுத்தில் இருக்கிறது: துணைக்கு வருகிறவர் ஒருநாளாவது தனியாகப் போக வழி உண்டா? அதன் நகல் இப்போது அங்கே வருகிறவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது.

அடுத்த பயணத்துக்குத் தேதி இன்னும் முடிவாகவில்லை. குளிர் நாடுகளுக்குப் போகிற கப்பல் ஒன்றை அண்ணன் பார்த்து வைத்திருக்கிறார். அங்கே உள்ள துறைமுகங்கள் எல்லாவற்றிலும் இறங்கப்போகிறாராம். அக்காவுக்குக் குளிர் ஆகாது. கடலும் வெயிலும் போதும், எந்த ஊரிலும் இறங்குவதாக இல்லை. நேற்று மாலையும் மேலே அதே பேச்சுதான் நடந்தது. அண்ணன் தனியாகக் குளிருக்குப் போய்வரட்டும், தான் தன் பழைய கண்டக்டர் தோழிகள் இருவரோடு வெயிலுக்குப் போகிறேன் என்று அக்கா சொன்னார். பிறகு, அந்தத் தோழிகளில் யாருக்காவது நாற்காலி தள்ளத் தெரியுமா என்று அண்ணன் கேட்பது கேட்டது.